கேம் ஷாஃப்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

லொறி வைத்துத் தொழில் செய்பவர் ஒருவர் கடைக்கு வந்து, "நானா, கென்டர் 4டி33க்கு கேம் ஷாஃப்ட் ஒன்று என்ன விலை?" என்று கேட்டால் நான் உடனே விலை சொல்வதில்லை. மூன்று விடயங்களைக் கேட்பேன். எஞ்சின் இலக்கம் என்ன? பழைய கேமில் எத்தனை லோப் தேய்ந்திருக்கிறது? டெப்பட்டையும் மாற்றப் போகிறீர்களா? முதல் இரண்டுக்கும் ஏதோ ஒரு பதில் கிடைக்கும். மூன்றாவதுக்கு எப்போதும் ஒரே பதில்தான்: "டெப்பட் எல்லாம் நல்லா இருக்கு நானா, பாஸ் பார்த்துட்டார்."

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவர்களில் நானும் ஒருவன். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் கேமைக் கட்டிக் கொடுத்தால் எனக்கு அன்றைய வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் சில மாதங்களில் அதே மனிதர் அதே கேமைப் பழைய பத்திரிகையில் சுற்றிக்கொண்டு வந்து, "நீங்கள் தந்த சாமான் சரியில்லை" என்று மேசையில் வைப்பார். எனவே லொறி வைத்திருப்போர், கராஜ் நடத்துவோர், எம்மைப் போல் சாமான் விற்போர் ஆகிய மூன்று தரப்பினருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த விடயம் இப்போது ஏன் முக்கியம் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. வர்த்தக வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நடுவில் 2022இல் ஓரிரு மாதங்களுக்குள் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்று நினைத்திருந்த லொறிகளையெல்லாம் எஞ்சின் இறக்கித் திருத்தி ஓட்டவேண்டிய நிலை வந்தது. சில லொறிகளுக்கு இது இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. முன்பெல்லாம் ரிங், லைனர், பெயரிங் என்று கீழ்ப்பகுதியோடு வேலை முடிந்துவிடும். இப்போது கேம், ரொக்கர், வால்வ் வரைக்கும் தேய்மானம் ஏறிவிட்டது. கேம் ஷாஃப்ட் கேட்டு வருவோர் தொகை கூடியது இதனால்தான்.

ஒன்றின் தேய்மானம் மற்றதில்

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். கேமின் லோப் டெப்பட்டைத் தள்ள, டெப்பட் புஷ் ரொட்டைத் தள்ள, அது ரொக்கரைத் தூக்க, ரொக்கரின் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. கென்டர் 4டி33, இசுசு 4ஜேபி1, 4பிடி1 போன்றவை இந்த மாதிரி. இசுசு எல்ஃபின் 4எச்எஃப்1 இல் கேம் ஹெட்டுக்கு மேலேயே இருப்பதால் அதில் புஷ் ரொட் கிடையாது. மற்றக் கணக்கெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்.

டெப்பட்டின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் பெரும்பாலான டெப்பட்டுகளில் அது மிக இலேசாக மேடுபட்டிருக்கும். லோப்பும் ஒரு பக்கம் இலேசாகச் சரிந்திருக்கும். இந்தச் சிறு வித்தியாசத்தால்தான் டெப்பட் ஒவ்வொரு அடிக்கும் சற்றே சுழல்கிறது. சுழல்வதால் தேய்மானம் ஓரிடத்தில் சேராமல் பரவுகிறது. புது டெப்பட் இரண்டை எடுத்து அடியோடு அடி வைத்துப் பாருங்கள், இலேசாக ஆடும். பல வருடம் ஓடிய டெப்பட்டில் அந்த மேடு போயிருக்கும், சிலவற்றில் குழியே விழுந்திருக்கும். அடியில் வட்ட வட்டமாகக் கோடு இருந்தால் அது சுழன்றிருக்கிறது. நேர் கோடாக ஒரு தடம் மட்டும் இருந்தால் சுழலவில்லை. அதற்கு மேலே ஓடிய லோப்பைத் தடவிப் பார்த்தால் மற்றக் கதை தெரிந்துவிடும்.

குழி விழுந்த டெப்பட்டைப் புது கேமுக்கு மேல் வைத்தால் அது சுழலாது. புது லோப்பின் விளிம்பில் முழுச் சுமையும் ஏறும். கடினப்படுத்திய மேல்தோல் போனபின் லோப் சவர்க்காரம் போலக் கரையும். இதில் கேம் செய்த கம்பனியின் பிழை எதுவுமில்லை.

இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். புது கேமுக்குப் புது டெப்பட்தான். நல்ல நிலையிலுள்ள பழைய கேமுக்குப் புது டெப்பட் போடலாம். பழைய கேமோடு பழைய டெப்பட் போவதென்றால் எந்த டெப்பட் எந்த லோப்பில் ஓடியதோ அதே இடத்துக்குத்தான் போகவேண்டும். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் எஞ்சினைக் கழற்றி டெப்பட்டை எல்லாம் ஒரு பக்கெட்டுக்குள் கொட்டி வைத்திருப்பார்கள். பார்க்க மினுமினுவென்று இருக்கும். இடம் மாறிப்போன அந்த டெப்பட்டுகளை நான் பழைய இரும்பு விலைக்குக்கூட லொறிக்காரருக்குக் கொடுக்கமாட்டேன்.

கேமை அரைத்துப் புதிதாக்கித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. லோப்பை அரைத்தால் அதன் அடிவட்டமும் குறையும், கடினத் தோலும் குறையும். அளவு தெரிந்து, தேய்மானம் மிகச் சிறிதாக இருக்கும்போது, உரிய இயந்திரத்தில் செய்தால் அது ஒரு வேலை. கண்மட்டத்துக்குச் செய்தால் புதுத் துணியில் பழைய கிழிசல்.

சாம்பிளுக்கு ஒத்துப்போகிறதா?

எமது தெருவின் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். பழைய சாமானைக் கையில் கொண்டுவந்து, கடைக்காரர் எடுத்து வைக்கும் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பெயரிங்குக்கும் ஒயில் சீலுக்கும் இது நல்ல பழக்கம். வால்வ் ஸ்பிரிங்குக்கு இதைவிடப் பிழையான வழி வேறில்லை.

பல இலட்சம் கிலோமீற்றர் ஓடிய ஸ்பிரிங் இறங்கியிருக்கும். உதாரணமாக, சும்மா நிற்கும்போது 60 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய ஸ்பிரிங் 58க்கு வந்திருக்கலாம். அதைச் சாம்பிளாகக் கொண்டுவருகிறவர் சரியான 60 மி.மீ. ஸ்பிரிங்கைப் பார்த்து, "இது உயரம் கூட, வேற எஞ்சின்ட" என்று தள்ளிவிட்டு, வேறு ஏதோ எஞ்சினின் 58 மி.மீ. ஸ்பிரிங்கை மகிழ்ச்சியோடு வாங்கிப் போவார். நோயாளியின் உடுப்பை வைத்து மாப்பிள்ளைக்கு அளவெடுப்பது போன்ற வேலை இது. ஸ்பிரிங்கை எஞ்சின் இலக்கத்துக்குரிய பாக இலக்கத்தைக் கொண்டுதான் வாங்கவேண்டும். உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் வேறு வேறா, ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங்கா என்பதையும் அந்த இலக்கமே சொல்லும்.

உயரம் மட்டும் போதாது. ஸ்பிரிங்கை மேசையில் நிறுத்தி மூலைமட்டத்தை அணைத்துப் பார்த்தால் நேராக நிற்கிறதா, சாய்கிறதா என்று தெரியும். சாய்ந்த ஸ்பிரிங் வால்வ் தண்டை ஒரு பக்கமாக இழுத்து கைடைத் தின்னும். ஹெட் வேலை செய்யும் நல்ல லேத்துகளில் குறித்த உயரத்துக்கு அழுத்தி எத்தனை கிலோ தாங்குகிறது என்று பார்க்கும் கருவி இருக்கும். எட்டு ஸ்பிரிங்கையும் ஒரு தடவை அதில் வைக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கிய செட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சுற்று ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் ஹெட்டை நோக்கி இருக்கவேண்டும் என்பதும் பல பேர் மறப்பது.

இன்னுமொரு இடத்தில் அளவு களவு போகும். வால்வ் சீட்டை அரைக்க அரைக்க வால்வ் ஹெட்டுக்குள் ஆழமாகப் போகும். அதன் தண்டு மேல்பக்கம் உயரும். அதோடு ஸ்பிரிங்கின் மேல்தட்டும் உயரும். ஆகவே நல்ல ஸ்பிரிங் போட்டாலும் அது அழுத்தப்படும் அளவு குறைந்து பலம் குறைகிறது. சீட்டைப் புதிதாக அடிக்கவேண்டும் அல்லது ஸ்பிரிங்குக்கு அடியில் உரிய தடிப்பில் ஷிம் வைக்கவேண்டும். மூன்றாம் தடவையாக ஹெட் வேலை செய்யும் லொறி என்றால் இதைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ரொக்கரின் நுனியும் ஏமாற்றும். பல வருடம் வால்வ் தண்டில் அடித்த இடத்தில் சிறு குழி விழுந்திருக்கும். 4டி33க்கும் 4ஜேபி1க்கும் குளிர்ந்த எஞ்சினில் வால்வ் இடைவெளி 0.40 மி.மீ. பாஸ் ஃபீலர் கேஜை விட்டு 0.40 சரி பார்ப்பார். ஆனால் கேஜின் தகடு குழிக்கு மேலே பாலம் போல நிற்கும். குழி 0.15 ஆழம் என்றால் உண்மையான இடைவெளி 0.55. டப் டப் என்ற சத்தம் நிற்காது. இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று சத்தத்தைக் கேட்டே இறுக்கினால் பக்கத்து வால்வும் பிழைக்கும். குழி விழுந்த ரொக்கரை மாற்றவேண்டும். அதன் புஷ் தேய்ந்திருந்தால் புஷ்ஷை மாற்றினால் போதும். ஷாஃப்டில் படி விழுந்திருந்தால் ஷாஃப்டும் போகவேண்டியதுதான்.

இறக்கத்தில் வளையும் புஷ் ரொட்

வெலிமடைப் பக்கமிருந்து பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஒரு சகோதரர் ஒரு முறை ஒரே ஒரு புஷ் ரொட் கேட்டு வந்தார். வளைந்ததைக் கையில் வைத்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பும் ஒன்று வளைந்து வேறொரு கடையில் வாங்கிப் போட்டாராம். "சாமான் தரம் குறைஞ்சு போச்சு" என்றார். நான் அவரிடம் ரொட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எக்ஸோஸ்ட் பிரேக் பாவிக்கிறீர்களா, இறக்கத்தில் எத்தனையாம் கியர் என்று கேட்டேன்.

புஷ் ரொட் தானாக வளைவதில்லை. வால்வ் போகவேண்டிய வழியில் ஏதோ தடை இருந்தால்தான் வளையும். தடை பெரும்பாலும் பிஸ்டன். சில வேளை கைடுக்குள் இறுகிய வால்வ். பிஸ்டனும் வால்வும் சந்திப்பது எப்போது? எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும்போது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் மீறாது, கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். இறக்கத்தில் கதை வேறு. பாரம் ஏற்றிய லொறியின் சில்லுதான் அப்போது எஞ்சினைச் சுற்றுகிறது. கவர்னருக்கு டீசலை நிறுத்த மட்டுமே முடியும், சில்லை நிறுத்த முடியாது. ரம்பொடையிலோ ஹப்புத்தளையிலோ கடுகண்ணாவையிலோ மூன்றாம் கியருக்குப் பதிலாகக் கை தவறி முதலாம் கியர் விழுந்தால் ஒரு நொடி போதும். ஸ்பிரிங் வால்வை மூடி முடிக்கும் முன் பிஸ்டன் மேலே வந்துவிடும்.

எக்ஸோஸ்ட் பிரேக் இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்க்கிறது. அது செய்வது புகைக்குழாயைத் தட்டினால் மூடுவது. வெளியேற முடியாத காற்று குழாய்க்குள் நெருக்குண்டு எஞ்சினைப் பிடிக்கிறது. அந்த நெருக்கம் வெளிவால்வின் முதுகிலும் விழுகிறது. வெளிவால்வ் சிலிண்டருக்குள்தான் திறக்கும் என்பதால், பிஸ்டன் காற்றை உள்ளிழுக்கும் வேளையில் அந்த அழுத்தம் வால்வைத் தள்ளித் திறக்கப் பார்க்கும். பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங் மட்டுமே. இறங்கிப்போன ஸ்பிரிங் என்றால் வால்வ் சீட்டை விட்டு எழும்பி எழும்பி அடிக்கும். மலைநாட்டு லொறியின் வெளிவால்வ் சீட் சமவெளி லொறியின் சீட்டைவிடச் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு காரணம் என்பது எனது கருத்து. அநுராதபுரத்துக்கும் கொழும்புக்கும் ஓடும் லொறிக்காரர் ஸ்பிரிங்கில் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றால் நான் வாதாடமாட்டேன். மலைநாட்டுக்காரரிடம் வாதாடுவேன்.

அந்தச் சகோதரருக்கு ஒரு ரொட் மட்டும் கொடுத்தனுப்பவில்லை. ஹெட்டைக் கழற்றி வெளிவால்வ் ஸ்பிரிங்கை அளக்கச் சொன்னேன். நான்கில் மூன்று அளவுக்குக் கீழே இருந்தன. முதல் தடவை வளைந்த சிலிண்டரின் வால்வ் தலையும் இலேசாகச் சாய்ந்திருந்தது. அந்த வால்வோடு ஒரு மாதம் மரக்கறி ஏற்றியிருக்கிறார். அது உடைந்து விழாமல் இருந்தது அவரது நல்ல காலம்.

புஷ் ரொட்டைக் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. நேரானது சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தத்தும். தட்டி நிமிர்த்திப் போடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

அமெரிக்க வீடியோவும் எங்கள் லொறியும்

இளைஞர்கள் சிலர் இப்போது கைத்தொலைபேசியில் வீடியோ காட்டி, "இது மாதிரி பெரிய கேம் போட்டா இழுவை கூடும்தானே?" என்று கேட்கிறார்கள். அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் ஷெவர்லே பிக்கப். 1999 முதல் வந்த 5.3 லீற்றர் வீ8 பெற்றோல் எஞ்சின். அங்கே கேமை மாற்றிப் பலம் கூட்டுவது ஒரு பெரிய தொழில். ஆனால் அந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். அவர்கள் கேமை மட்டும் மாற்றுவதில்லை. அந்த எஞ்சினில் ரொக்கரின் விகிதம் 1.7. லோப் 7.5 மி.மீ. தூக்கினால் வால்வ் 12.75 மி.மீ. திறக்கும். உயர்ந்த லோப் என்றால் ஸ்பிரிங் இன்னும் அழுந்தும். சுற்றோடு சுற்று முட்டாமல் ஏறத்தாழ 1.5 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். அடிவட்டம் மாறியிருந்தால் புஷ் ரொட்டின் நீளத்தை அளந்து வேறு நீளம் வாங்குகிறார்கள். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் என்று பார்க்கிறார்கள். எங்கள் இளைஞர்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது அந்தப் பழக்கத்தை, கேமை அல்ல.

ஏனென்றால் அந்தப் பெற்றோல் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.5 அளவு. நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் லொறி எஞ்சின்களில் அது பெரும்பாலும் 16 முதல் 19 வரை. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இடம். வால்வை இன்னும் கூடுதலாக, இன்னும் நீண்ட நேரம் திறந்துவைக்க அங்கே இடமே கிடையாது. டீசல் லொறியின் இழுவை பம்ப், நொசில், கம்ப்ரஷன், டேர்போ இருந்தால் டேர்போ ஆகியவற்றில் இருக்கிறது. தேய்ந்த கேமை அதன் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாலே போன இழுவை திரும்பிவிடும்.

ஒரே குடும்பத்து எஞ்சின்களில் டேர்போ உள்ளதன் கேம் டேர்போ இல்லாததற்குள் பொருந்தக்கூடும். பொருந்துகிறது என்பதற்காக அது அந்த எஞ்சினின் கேம் ஆகிவிடாது. வால்வ் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் வேறாக இருக்கும். "இதுவும் போகும்" என்று சொல்லி விற்பதைக் கடைக்காரர்கள் நிறுத்தவேண்டும். நான் எனது கடைப் பையன்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

எல்லாம் ஜெனுயின் வாங்குங்கள் என்று சொல்வது எளிது. சொல்பவர் லொறிக்கு லீசிங் கட்டுபவரல்ல. எனது கணக்கைச் சொல்கிறேன், ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ரொக்கர் புஷ், புஷ் ரொட், டெப்பட் கவர் பெக்கிங் போன்றவற்றில் நல்ல பெயருள்ள தாய்வான், இந்தியச் சாமான் எடுக்கலாம். கேமில் நடுத்தரம். பெயரில்லாத பெட்டியில் வந்த புது கேமா, லோப் எட்டையும் அளந்து பார்த்த ஜப்பான் பழைய கேமா என்றால், புது டெப்பட்டோடு அந்தப் பழைய கேமையே நான் எடுப்பேன். லோப்பின் உயரத்தை மைக்ரோமீற்றரில் பிடித்து அடிவட்டத்தின் அளவைக் கழித்தால் அது தூக்கும் அளவு வரும். உள்வால்வ் நான்கும் ஒரே அளவா, வெளிவால்வ் நான்கும் ஒரே அளவா என்று பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை.

ஸ்பிரிங்கிலும் வால்விலும் வால்வ் கொட்டரிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கொட்டர் என்பது ஸ்பிரிங்கின் மேல்தட்டை வால்வ் தண்டோடு பூட்டி வைத்திருக்கும் இரண்டு துண்டு. முழுப் பட்டியலிலும் விலை குறைந்த சாமான் அதுதான். புது வால்வ் வாங்குபவர்கள்கூடப் பழைய கொட்டரையே கழுவிப் போடுவார்கள். அது விட்டால் வால்வ் சிலிண்டருக்குள் விழும். பிறகு பிஸ்டன், ஹெட், லைனர், கெட்ட காலமாக இருந்தால் புளொக்கும்.

கணக்குக்காக ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். டீசல், ட்ரைவர் சம்பளம் போக ஒரு லொறி நாளுக்கு 12,000 ரூபா தருகிறது என்று வையுங்கள். எஞ்சின் மறுபடி திறந்தால் ஒன்பது நாள் நிற்கும். 108,000 ரூபா வரவு இல்லை. அதற்கு மேல் ஹெட் கேஸ்கட் செட், கூலி, ஒயில், லேத். லீசிங் தவணை நிற்காது. ஸ்பிரிங் செட்டிலும் கொட்டரிலும் 10,000, 15,000 மிச்சம் பிடித்தவருக்கு இந்தக் கணக்கைக் கடதாசியில் எழுதிக் காட்டினால் அவரே புரிந்துகொள்வார். நான் காட்டியிருக்கிறேன். சிலர் கடையை விட்டுப் போயிருக்கிறார்கள், சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமையும் டெப்பட்டையும் தனித்தனியாக விலை சொல்லாமல் ஒரே செட்டாகச் சொல்லிப் பழகுங்கள். டெப்பட் எட்டு உள்ள செட்டை உடைத்து இரண்டு கேட்பவருக்கு இரண்டு கொடுத்தால் மிச்சம் ஆறும் அலுமாரியில் தூங்கும், அவருக்கும் பயனில்லை. கடனுக்கு வாங்கிப் போகும் கராஜ்காரர்கள் செட்டாக எடுக்கத் தயங்குவார்கள் என்பது உண்மை. அப்படியானவர்களுக்குத் தவணையைக் கூட்டிக் கொடுங்கள், சாமானைக் குறைத்துக் கொடுக்காதீர்கள். பெட்டியில் ஜெனுயின் என்று எழுதுவதற்கு ஒரு அச்சகம் போதும். பாக இலக்கத்தைப் பில்லில் எழுதித் தர மறுக்கும் மொத்த வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

பூட்டும் நாளில்

கேம் கியரின் புள்ளியும் கிராங்க் கியரின் புள்ளியும் நேருக்கு நேர் வந்தபின், ஸ்டாட் பண்ணுவதற்கு முன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்காவது முட்டினால் கைக்குத் தெரியும், ஸ்டாட்டருக்குத் தெரியாது. லோப்பிலும் டெப்பட் அடியிலும் பூட்டும்போதே பசையுள்ள எசெம்பிளி கிரீஸ் பூசியிருக்கவேண்டும். ஹெட்டைத் தேய்த்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, கேஸ்கட் தடிப்பைக் கேட்டு வாங்குங்கள். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களுக்கு ஹெட் கேஸ்கட் ஒன்றுக்கு மேற்பட்ட தடிப்பில் வருகிறது.

ஸ்டாட் ஆனதும் பெரும்பாலானோர் ஐட்லிங்கில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். புது கேமுக்கு அதுதான் கெடுதல். கேமுக்கு ஒயில் பெரும்பகுதி கிராங்க் தெறிப்பதால்தான் போகிறது. ஐட்லிங்கில் தெறிப்பு குறைவு. முதல் 20 நிமிடம் 1500 சுற்றுக்கு மேல், கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓடவிடவேண்டும். ஒயில் சிஎச்-4 அல்லது சிஐ-4 என்று எழுதிய டீசல் ஒயிலாக இருக்கட்டும். பெற்றோல் காருக்கு வாங்கிய ஒயில் மிச்சம் இருக்கிறதென்று அதை ஊற்றவேண்டாம்.

ஆயிரம் கிலோமீற்றரில் வால்வ் இடைவெளியை மறுபடி பார்க்கவேண்டும். மிட்சுபிஷிக்கும் இசுசுவுக்கும் சொன்ன 0.40ஐ எல்லா லொறிக்கும் போடாதீர்கள். டொயோட்டா டைனாவின் பி வரிசை எஞ்சின்களில் உள்வால்வுக்கு ஓர் அளவு, வெளிவால்வுக்கு வேறு அளவு. ஒரு வால்வின் இடைவெளி மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கூடியிருந்தால் ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் போகாமல், அந்த டெப்பட்டை வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். லோப் கரைய ஆரம்பித்திருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு கேமோடு போகும். ஒயிலுக்குள் இரும்புத் தூள் கலந்து பெயரிங்குக்குப் போனபின் முழு எஞ்சினோடு போகும். அந்த ஆயிரத்தில் மறுபடி வருகிற திகதியைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி, பாஸின் கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எமது கடையில் அந்தக் கையொப்பம் இருக்கும் பில்லுக்குத்தான் நான் சாமானைத் திருப்பி எடுப்பது பற்றிப் பேசுவேன்.